டிஸ்சார்ஜ் ஆன பிறகு உங்கள் மாத்திரைக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

"எல்லாந்தான் ஆன்லைன் ஆயிடுச்சே, ஆஸ்பத்திரியில என்ன மாத்திரை குடுத்தாங்கன்னு நீங்களே கம்ப்யூட்டர்ல பாத்துக் குடுங்க." மருந்துக் கடை கவுன்டரில் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. சேலத்திலோ பெங்களூரிலோ படுத்து எழுந்து, பாலக்கோட்டுக்கோ ஊத்தங்கரைக்கோ திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் கையில் சீட்டு இல்லாமல் வந்து இப்படிக் கேட்கிறார்கள். கடைக்காரருக்கு அது தெரியாது. எந்தக் கம்ப்யூட்டரைத் தட்டினாலும் வராது. அவரிடம் இருப்பது பில் போடுகிற, ஸ்டாக் பார்க்கிற மென்பொருள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது என்ன நோய், என்ன சிகிச்சை, இனி என்ன மருந்து என்று மருத்துவமனை எழுதிக் கொடுக்கும் தாளை, போட்டோ எடுத்துக் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஒன்றும் அனுப்பாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் பாதி வேலைதான், ஏனென்றால் முக்கியமான விஷயம் பல நேரம் அந்தத் தாளிலேயே இருப்பதில்லை.

மருத்துவமனைக்கும் ஊர் மருந்துக் கடைக்கும் நடுவில் மருந்து விவரம் போய்ச் சேருவது என்றால் என்ன, எது போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் என்ன ஆகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஷிப்ட் மாறும்போது என்ன சொல்லிவிட்டுப் போவார்கள்?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய. இரவு ஷிப்ட் முடிந்து போகிறவர் காலை ஷிப்டுக்கு வருகிறவரிடம் ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்களின் பெயரை வாசித்துக்கொண்டிருக்க மாட்டார், அது கண்ணாலேயே தெரிகிறது. "மூணாம் நம்பரை ராத்திரி நிறுத்திட்டேன், பேரிங்ல சத்தம் வருது, மெயின்டெனன்ஸ் ஆள் பாக்குற வரைக்கும் போடாதே" என்பார். லாக் புக்கிலும் எழுதி வைப்பார். இதைச் சொல்லாமல் போய்விட்டால், காலையில் வருகிறவர் மெஷின் சும்மா நிற்கிறதே என்று சுவிட்சைப் போடுவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜும் ஒரு ஷிப்ட் மாற்றம்தான். அதுவரை உங்கள் மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் வார்டு டாக்டரும் நர்ஸும். இனிமேல் பார்க்கப் போவது நீங்கள், வீட்டில் இருப்பவர்கள், ஊர் மருந்துக் கடைக்காரர். கையில் கொடுக்கிற தாளில் இனி சாப்பிட வேண்டியவை மட்டும் வரிசையாக இருக்கும். நிறுத்தியது எது, எதன் அளவைக் குறைத்தார்கள், ஏன், எதுவரை என்பது பெரும்பாலும் இருக்காது. வீட்டு அலமாரியில் பழைய மாத்திரை அட்டைகள் அப்படியே கிடக்கின்றன, ஊருக்கு வந்ததும் பழையதும் புதியதும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கின்றன.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மருந்து விவரத்தைப் பகிர்வது என்றால் மாற்றங்களைச் சொல்வது. புதிதாகச் சேர்த்தது, நிறுத்தியது, அளவு மாறியது, அப்படியே தொடர்வது, ஒவ்வொன்றுக்கும் காரணம்.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம்

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற ஒரு பெரியவர், அறுபத்தைந்து வயது என்று வைத்துக்கொள்வோம். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி., சுகருக்கு மெட்ஃபார்மின், இரண்டும் மாதாமாதம் அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. ஒருநாள் நெஞ்சுவலி, பெங்களூருக்குக் கொண்டுபோகிறார்கள், ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஸ்டென்ட் என்பது அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய். நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தாளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், இதயத் துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால், அப்புறம் பிரஷருக்கு ஒரு கம்பெனி மாத்திரை.

அந்தக் கடைசி மாத்திரையில்தான் சிக்கல். அட்டையில் பளிச்சென்று கண்ணில் படுவது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருப்பதோ டெல்மிசார்ட்டான் 40, அம்லோடிபின் 5, இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. பெரியவர் வீட்டில் ஏற்கெனவே அம்லோடிபின் இருக்கிறது. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், பெயர் வேறு, டப்பா வேறு. இரண்டையும் போடுகிறார், அதாவது அம்லோடிபின் அவருக்குத் தெரியாமலே 10 மி.கி. ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு நடப்பதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்காலில் வீக்கம் வருவது எல்லோருக்கும் தெரிந்த பக்க விளைவு. வீக்கத்தைப் பார்த்த வீட்டுக்காரர்கள் இதயம் சரியாக வேலை செய்யவில்லையோ, கிட்னி போய்விட்டதோ என்று பயந்து பக்கத்தில் யாரிடமாவது காட்டுவார்கள். அவர் நீர் மாத்திரை எழுதுவார். ஏற்கெனவே பிரஷர் இறங்கிக் கிடக்கிற உடம்பிலிருந்து தண்ணீரும் போகும், விடியற்காலையில் எழுந்து கொல்லைக்குப் போகும்போது தலை சுற்றி விழுவார். ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் விளைவுக்கு மூன்றாவது. இந்தச் சங்கிலியில் யாருமே கவனக்குறைவாக இல்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அதே பெரியவருக்கு மூட்டுவலி. மெடிக்கலில் போய் "ஒரு வலி மாத்திரை குடுப்பா" என்கிறார், டைக்ளோஃபெனாக் கிடைக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ரத்தம் உறைவதைத் தடுக்கிற மாத்திரைகள், அவற்றோடு இந்த வகை வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வருகிற ஆபத்து கூடுகிறது, இதயத்துக்கும் நல்லதில்லை. அவருக்கு ஸ்டென்ட் இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

மூன்றாவது சிக்கல்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த அட்டைகள் சில வாரத்தில் தீர்ந்துவிடும். "கோர்ஸ் முடிஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். ஆன்டிபயாடிக்குக்கு அது பொருந்தும், குளோபிடோக்ரெலுக்குப் பொருந்தாது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு சேர்த்து இரண்டாவது மாத்திரையையும் வழக்கமாக ஒரு வருடம் வரை கொடுக்கிறார்கள், ஆளுக்கு ஆள் டாக்டர் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். டாக்டரைக் கேட்காமல் முன்கூட்டியே நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம், அது உயிருக்கே ஆபத்து.

மருந்து ஒப்பீடு: உண்மையில் நடக்க வேண்டிய வேலை

இந்த மூன்று சிக்கலையும் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. மெடிகேஷன் ரிகன்சிலியேஷன் என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள், நாம் மருந்து ஒப்பீடு என்றே வைத்துக்கொள்ளலாம். நோயாளி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும்போதெல்லாம், அதற்கு முன் சாப்பிட்ட எல்லா மருந்தையும் இப்போது எழுதிய எல்லா மருந்தோடும் வரிக்கு வரி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் கேட்பது. காரணம் இருந்தால் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தவறு, திருத்த வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. முதல் படியிலேயே தடுமாறும், ஏனென்றால் "முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று அட்மிஷன் நேரத்தில் கேட்டால் "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, சின்னதா வெள்ளையா இருக்கும்" என்றுதான் பதில் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. அதனால்தான் மருந்து விவரம் இரண்டு பக்கமும் போக வேண்டியிருக்கிறது: சேரும்போது ஊரிலிருந்து மருத்துவமனைக்கு, திரும்பும்போது மருத்துவமனையிலிருந்து ஊருக்கு.

ஒப்பிடும்போது மூலப் பெயரை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். மூலப் பெயர் என்பது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயர். எந்தக் கம்பெனி செய்தாலும் அது மாறாது, அட்டையில் கொஞ்சம் தேடிப் பார்த்தால் கிடைக்கும். கம்பெனிப் பெயரை வைத்து ஒப்பிட்டால் அந்தப் பெரியவரின் இரண்டு அம்லோடிபினும் கடைசிவரை இரண்டு வேறு மருந்தாகவே தெரியும்.

மருந்தின் பெயர் போலவே எத்தனை வேளை என்பதும் இதில் சேர்த்தி. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டியது, அதைத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. தாளில் ஓடி (OD) என்றால் நாளுக்கு ஒருமுறை, பிடி (BD) என்றால் இருமுறை, எஸ்ஓஎஸ் (SOS) என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆங்கிலச் சுருக்கெழுத்து தெரியாதவர் குடும்பத்தில் இந்த மூன்று சுருக்கமே போதும், எல்லாம் தலைகீழாகிவிடும்.

சரி, இங்கே ஒரு நிமிடம் நிறுத்துவோம். மருந்து ஒப்பீடு என்பது இரண்டு பட்டியலை மூலப் பெயரால் ஒப்பிட்டு வித்தியாசங்களுக்குக் காரணம் கேட்பது. அதை அட்மிஷனில் ஒருமுறை, டிஸ்சார்ஜில் ஒருமுறை, ஊருக்கு வந்து முதல்முறை மாத்திரை வாங்கும்போது இன்னொருமுறை செய்ய வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இங்கிலாந்தில் இதை எப்படிக் கட்டினார்கள்

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் வரும் தடுக்கக்கூடிய கேடுகளைக் குறைக்க ஒரு உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. அதில் முதன்மையாக எடுத்துக்கொண்ட மூன்று விஷயங்களில் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும் கட்டம்.

இங்கிலாந்து 2021 பிப்ரவரி 15 முதல் இதை ஊர் மருந்துக் கடைகளின் கட்டாய வேலைகளில் ஒன்றாகவே ஆக்கியது. மருத்துவமனை, மருந்தில் சிக்கல் வரக்கூடியவர் என்று நினைக்கும் நோயாளியின் விவரத்தைப் பாதுகாப்பான மின்வழியில் அவருடைய வழக்கமான மருந்துக் கடைக்கு அனுப்புகிறது. கடையிலுள்ள மருந்தாளுநர் அதை 72 மணி நேரத்துக்குள் எடுத்து, பழைய மருந்துகளோடு ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் மருத்துவமனையையோ குடும்ப டாக்டரையோ கேட்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பின் முதல் மருந்துச் சீட்டு வரும்போது அதில் நிறுத்திய மருந்து மறுபடியும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக நோயாளியிடமோ அவரைப் பார்த்துக்கொள்பவரிடமோ உட்கார்ந்து பேச வேண்டும். இந்த வேலைக்குக் கடைக்கு அரசு தனியாகப் பணமும் கொடுக்கிறது. அது முக்கியம், ஏனென்றால் ஒப்பிடவும் பேசவும் நேரம் பிடிக்கும்.

அங்கே இது ஓடுவதற்கு இன்னொரு காரணம், பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான ஒரு குடும்ப டாக்டரும் ஒரு கடையும் இருக்கிறார்கள் என்பது. அந்த முறையை அப்படியே தூக்கி வந்து இங்கே வைத்தால் வேலை செய்யாது என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அதுவே.

நம் பக்கம் மாத்திரை வருகிற வழி ஒன்று இல்லை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையூர்களில் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்க முடியாத வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற மாத்திரை ஒரு வழி. பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் டிஸ்சார்ஜ் அன்று வாங்கியது இன்னொரு வழி. தெருமுனை மெடிக்கல் மூன்றாவது. மூன்றுக்கும் நடுவில் தானாகப் பேசிக்கொள்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. இந்தியாவில் மருத்துவமனை ஊர் மருந்துக் கடைக்கு விவரம் அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் நம் ஊர்களில் மருந்து விவரம் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தால் போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தன்னார்வலருக்கும் சேர்ந்து போக வேண்டும். அந்தப் பெரியவருக்கு இரட்டிப்பான அம்லோடிபினில் ஒன்று கடையிலிருந்து வரவில்லை, வீட்டு வாசலில்தான் வந்தது.

கடைக்காரரிடம் உங்கள் பழைய விவரம் ஏன் இல்லை என்றும் கேட்கலாம். சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை போன்றவை எச்1 என்ற அட்டவணையில் வருகின்றன, அவற்றுக்கு எழுதிய டாக்டர், வாங்கியவர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. மற்ற பெரும்பாலான மாத்திரைகளுக்குப் பில் இருக்கும், உங்கள் பெயரில் வருடக்கணக்காகத் தொடர்கிற ஏடு இருக்காது. இன்று இந்தக் கடை, நாளை தள்ளுபடி தருகிற வேறு கடை என்று நாமும் மாறிக்கொண்டே இருக்கிறோம்.

ஆபா எண் இருந்தால் போதாதா?

ஆபா என்பது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் கிடைக்கும் 14 இலக்க எண். அந்தத் திட்டம் 2021 செப்டம்பர் 27இல் நாடு முழுக்கத் தொடங்கியது. இதைப் பலர் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். காப்பீட்டு அட்டை செலவுக்கு, ஆபா எண் விவரங்களைக் கோர்ப்பதற்கு.

கோர்ப்பதற்கு என்று சொன்னதைக் கவனியுங்கள். ஆபா எண்ணுக்குள் உங்கள் மருந்துப் பட்டியல் இல்லை. விவரம் உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். அந்த மருத்துவமனை இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், உங்கள் சம்மரியை ஆபா எண்ணோடு இணைத்திருக்க வேண்டும், பார்க்க விரும்புகிறவரிடம் அதற்கேற்ற மென்பொருள் இருக்க வேண்டும், நீங்கள் போனில் சம்மதம் கொடுக்க வேண்டும். நாலும் சேர்ந்தால்தான் தெரியும். சம்மதம் கேட்பது சரியான ஏற்பாடுதான், உங்கள் உடம்பு விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடாது. எண்ணை வாங்கி வைப்பது நல்லது. அதை வாங்கியதோடு கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது

டிஸ்சார்ஜ் நாளில் பில் கட்டுவதிலும் வண்டி பிடிப்பதிலும் எல்லோருடைய கவனமும் போய்விடும். அந்த அவசரத்திலும் ஐந்து நிமிடம் பிடித்து வைத்து, வீட்டில் சாப்பிட்ட பழைய அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, "இதுல எது தொடரணும், எது நிறுத்தணும், புதுசுல எது எத்தனை மாசம்?" என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், முடியாவிட்டால் நீங்களே எழுதிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, தைலம், கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், அதெல்லாம் மருந்தில் சேராது என்று நாம் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

ஊருக்கு வந்ததும் அந்தத் தாளை மூன்று பேரிடமும் காட்ட வேண்டும்: வழக்கமான மெடிக்கல், ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டுக்கு வரும் தன்னார்வலர். அட்டை தீர்ந்த பிறகு காட்டலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், வந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். கடைக்கு அனுப்பும்போது மருந்து இருக்கிற பக்கம் போதும். முழு சம்மரியில் கடைக்காரருக்குத் தேவைப்படாத சொந்த விவரங்கள் நிறைய இருக்கும். அப்புறம், நிறுத்திய மாத்திரைகள் தினமும் கை வைக்கிற டப்பாவில் இருக்கவே கூடாது. தனியாக எடுத்து வைத்து அடுத்தமுறை போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். தலைசுற்றல், வீக்கம், கறுப்பாக மலம் போவது என்று ஏதாவது தெரிந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல் தாளோடு டாக்டரிடம் உடனே போங்கள்.

மருந்துக் கடையில் நிற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, நானும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். பழைய அட்டையை நீட்டி "இதே குடுங்க" என்று கேட்பவரிடம் "சமீபத்துல ஆஸ்பத்திரியில இருந்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் வீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் தாளின் போட்டோவையாவது வரவழைத்து, மூலப் பெயரை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். இரட்டிப்பாகத் தெரிந்தாலோ, ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளோபிடோக்ரெல் இல்லாமல் இருந்தாலோ, சம்மரியில் போன் எண் இருந்தால் அதற்கு நோயாளியின் சம்மதத்தோடு அவர் முன்னாலேயே போன் போட்டுக் கேளுங்கள், கேட்ட பதிலை அவருடைய தாளிலேயே தேதியோடு எழுதிக் கொடுங்கள்.